மூன்றாம் தரம் வரைந்த கம்பளை

நாலு சுவருக்குள் பிள்ளைகளை அடக்குவது எவ்வளவு சுலபம் என்பது, அவர்களை வெளியே கூட்டிப் போகும் ஆசிரியருக்குத்தான் தெரியும். நான் கம்பளையில் மூன்றாம் தரத்துக்குச் சுற்றாடல் பாடம் எடுக்கிறேன். இந்தத் தவணை ஊரை நடந்து பார்த்து, ஒரு பெரிய தாளில் படமாக வரைவது என்று முடிவு. கடைசி நாள் ஒவ்வொருவரும் தன் வீட்டை அதில் ஒட்ட வேண்டும்.

மலர்விழியை நினைத்துத்தான் பயம். தேயிலைத் தோட்டத்தில் அவள் குடும்பம் இருந்த லயம், வரிசை வீடுகள் அத்தனையும், மண்சரிவில் போய்விட்டது. உயிர் தப்பியதே பெரிய காரியம். இப்போது டவுனில் மாமா வீட்டில் இருக்கிறார்கள். வீட்டை ஒட்டு என்று அந்தப் பிள்ளையிடம் எந்த வாயால் சொல்வது?

கேட்டில் ஒரு தகப்பன்

முதல் நாள் தொப்பி, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் சரிபார்த்துப் பிள்ளைகளை வரிசையாக்கும்போது, ஒரு தகப்பன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். கடைவீதி, பாலம், ஸ்டேஷன் பார்க்கப் போகிறோம் என்றேன். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. அவர் முகத்தைப் பார்த்தால் நாளைக்கே என்று தோன்றும். "கடைக்கும் ஸ்டேஷனுக்கும் நாங்களே கூட்டிட்டுப் போவோம் டீச்சர், நீங்க பாடத்த நடத்துங்க!"

பாலத்தில்

வகுப்புச் சுவரில் தொங்கும் இலங்கைப் படத்தில் வடக்கு மேலே இருக்கிறது. மலைநாட்டுப் பிள்ளைக்கு மேலே என்றால் மலைதான். ஆகவே வடக்கே போனால் ஏற்றம், தெற்கே போனால் இறக்கம்.

மகாவலிப் பாலத்தில் நின்று, ஆறு எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டேன். திசைகாட்டியைப் பார்த்து, கண்டிப் பக்கம், வடக்கே என்று சரியாகச் சொன்னார்கள். ஆனால் ஒருவருக்கும் நம்பிக்கையில்லை. படத்தில் கண்டி நமக்கு மேலே அல்லவா இருக்கிறது! படத்தின் மேற்பக்கம் வேறு, மலையின் உயரம் வேறு என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அன்டன் தீர்ப்புச் சொன்னான்: "அப்ப தண்ணி ஏறித்தான் போகுது டீச்சர்!"

வீடு ஒட்டிய நாள்

மட்டையில் வெட்டிய வீடுகளை ஆளுக்கு ஆள் இடித்துக்கொண்டு ஒட்டினார்கள். மலர்விழி தன் வீட்டைக் கையில் வைத்தபடி நின்றாள். விருப்பமில்லாவிட்டால் விடலாம் என்று மெதுவாகச் சொன்னேன். அவள் இல்லை என்று தலையாட்டிவிட்டுக் குனிந்து, பாடசாலை மைதானத்தின் நட்டநடுவில் ஒட்டினாள். அன்டன் விடவில்லை, அங்கே யாரும் குடியிருக்கக் கூடாது என்றான்.

அவள் அவனைப் பார்க்கவே இல்லை, என்னிடம்தான் சொன்னாள். நாங்கள் போன தெருவிலெல்லாம் பிள்ளைகள் கடைகளைப் பார்த்தபோது, இவள் ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் என்ன நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். "மாமா வீட்டுக்குப் பின்னாலயும் மண்மேடு உசரமா இருக்கு டீச்சர். கிரவுண்டுக்கு மேலதான் ஒன்னுமே இல்ல."

அந்த வீடு இன்னும் மைதானத்தில்தான் இருக்கிறது. அங்கே வீடு கட்ட விடமாட்டார்கள் என்பதை எந்தப் பாடத்தில் சொல்லிக் கொடுப்பது என்று, சக ஆசிரியர்களே, உங்களுக்காவது தெரியுமா?