காதில் நின்ற அருவித் தண்ணீர்

நான் கிரிக்கெட் ஆடியவன் இல்லை. பந்து வேகமாக வந்தால் கண்ணை இறுக மூடிக்கொள்கிற ரகம். அப்படிப்பட்டவன் தென்காசி அணிக்குப் பதினோரு வருஷம் அம்பயராக நின்றதற்குக் காரணம், ஆட்டத்தின் சட்டப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்த ஒரே ஆள் ஊரில் நான்தான். போதாததற்குப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கணக்கு வாத்தியார் ஓரவஞ்சனை செய்யமாட்டார் என்று ஊரில் ஒரு நினைப்பு இருந்தது. எனக்கும் இருந்தது.

எங்கள் மைதானம் குற்றாலம் போகிற சாலையோரம். ஒரு பக்கம் இடி விழுந்து பிளந்த கோபுரம், மறுபக்கம் மலை. பந்து வீசுகிறவர்கள், "கோபுரத்துப் பக்கமா, மலைப் பக்கமா?" என்று கேட்டுத்தான் பந்தையே வாங்குவார்கள். புல் கிடையாது, செம்மண் தரை. நடுவில் தேங்காய் நார்ப் பாயை விரித்து, ஓரமெல்லாம் நீள ஆணி அடித்து இழுத்து நிறுத்துவோம். சீசனில் சாரல் வரும், போகும். சாரலுக்காக ஆட்டத்தை நிறுத்துகிற வழக்கம் எங்களிடம் இல்லை. நிறுத்தினால் ஆவணி வரைக்கும் வீட்டில்தான் இருக்க வேண்டும். ஆனால் பாய் நனைந்தால் இறுகும், இறுகினால் ஆணிகள் மேலே எழும்பும். ஒவ்வொரு தூறலுக்குப் பிறகும் மரச்சுத்தியலோடு பாயைச் சுற்றி வந்து ஆணிகளைத் தட்டி இறக்குவது எங்கள் ஊரில் அம்பயர் வேலை. சட்டப் புத்தகத்தில் அப்படி ஒரு விதி கிடையாது. தென்காசிக்காரர்களாகச் சேர்த்துக்கொண்டது.

நான் சொல்ல வந்தது எங்கள் அணியில் ஆடிய ஒருவரைப் பற்றி. அவர் சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸில் குமாஸ்தா. சுந்தரபாண்டியபுரத்தில் நெல் விவசாயம் பார்த்த குடும்பம். தினமும் சைக்கிளில் வந்து போவார். என்னைவிட ஆறேழு வயது இளையவர். மற்றவர்கள் முழுக்கால்சட்டைக்கு மாறிய பிறகும் அவர் வேட்டியைத் தார் பாய்ச்சிக் கட்டி, அதன்மேல் பேடு கட்டிக்கொண்டுதான் ஆட இறங்குவார். இரண்டு மணி நேரம் ஓடி ஆடிவிட்டு வந்தாலும் அந்த வேட்டியில் ஒரு கறை இருக்காது. ஒரே இடத்தில் நிற்கிற எனக்குப் பத்து நிமிஷத்தில் முழங்கால் வரை செம்மண் ஏறிவிடும். இந்தக் கணக்கு மட்டும் எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

அவர் ஆட்டத்தை எப்படிச் சொல்ல? மற்றவர்கள் பந்தை அடித்தார்கள். அவர் அனுப்பிவைத்தார். லேட் கட் என்று ஓர் அடி உண்டு. விலகிப் போகிற பந்தை, அது தன்னைத் தாண்டப் போகிற கடைசி நொடிவரை சும்மா விட்டுவிட்டு, அப்புறம் மேலிருந்து பேட்டை இறக்கி, பின்னால் நிற்கிறவர்களுக்கு நடுவே தள்ளிவிடுவது. பார்க்கிறவர்களுக்கு, 'விட்டுட்டாரே' என்றுதான் தோன்றும். விக்கெட் கீப்பர் இரண்டு கையையும் குவித்துக்கொண்டு காத்திருப்பான், பந்து எல்லைக்கோட்டுக்குப் போயிருக்கும். அந்த அடிக்கு எங்கள் ஊரில் யாரும் கைதட்டமாட்டார்கள். தூக்கி அடித்துச் சாலையைத் தாண்டினால்தான் கைதட்டல். எனக்கு அதில் பெரிய எரிச்சல். நான் அம்பயர் என்பதை மறந்து 'அடடா' என்று வாய்விட்டுச் சொன்னது அந்த ஓர் அடிக்கு மட்டும்தான். அதற்காக வெளியூர் அணிக்காரர்கள் இரண்டு முறை என்மேல் புகார் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பந்து பேட்டில் உரசிக் கீப்பரிடம் போய்விட்டால், அவர் என் முகத்தைப் பார்த்ததே இல்லை. எதிரணிக்காரன் வாயைத் திறப்பதற்குள் பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்துவிடுவார். என்னைக் கடக்கும்போது, "தட்டிச்சு சார்வாள்" என்று ஒரு வார்த்தை. பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் ஊரில் எல்லோருக்கும் நான் சார்வாள்தான். அவர் நடந்தால் அவுட், நின்றால் அவுட் இல்லை. அவர் விஷயத்தில் என் காதுக்கு வேலையே வைக்கவில்லை. அதுதான் என்னைக் கெடுத்தது.

யுத்தம் வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்திய ஒரு சீசன். அருவிக்கு வந்து தங்கியிருந்த அதிகாரிகளும் ஜமீன் வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து ஓர் அணி கட்டி எங்களோடு ஆட வந்தார்கள். வருஷாவருஷம் நடக்கிறதுதான். அந்த வருஷம் அவர்களுக்குத் தலைவராக வந்த வெள்ளைக்கார துரை, மெட்ராஸுக்குக் கூட்டிப் போகிற அணியில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, தென்காசிக்காரர் ஒருவரை எடுப்பேன் என்று சொல்லியனுப்பியிருந்தார்.

சேதி தெரிந்ததும் குமாஸ்தா என்னைத் தேடிப் பள்ளிக்கூடத்துக்கே வந்தார். எதற்கும் அதிகம் பேசாதவர்.

"சார்வாள், மெட்ராஸ்ல புல்லுத் தரையாம்லா. பாயே கெடையாதாம். புல்லுல விழுந்து பந்து எப்படி எந்திரிச்சு வருதுன்னு ஒரு தடவ பாத்துரணும். வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு."

"உம்மள விட்டா வேற யாரவே எடுப்பான்? போயிட்டு வாரும்" என்றேன். முகம் சிவந்து சிரித்தார். அந்த முகம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

சீசன் ஆட்டத்தன்று காலையில் அணி முழுக்கக் குற்றாலத்துக்கு நடந்துபோய், எண்ணெய் தேய்த்துக்கொண்டு பெரிய அருவியில் குளித்துவிட்டு வந்துதான் ஆடுவது. அம்பயரும் கூடப் போக வேண்டும். நான் எப்போதும் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டுதான் நிற்பேன். அன்று துரையின் ஆட்களும் அங்கே குளித்துக்கொண்டிருந்தார்கள். பஞ்சோடு நிற்பது கிழவன் போலத் தெரியுமே என்று எடுத்துப் போட்டுவிட்டு, தண்ணீரின் கனத்த வீச்சுக்கு நேர் கீழே போய் நின்றேன். வெளியே வந்தபோது இரண்டு காதும் அடைத்திருந்தன. ஒற்றைக்காலில் குதித்துப் பார்த்தேன். தலையைச் சாய்த்துத் தட்டிப் பார்த்தேன். மைதானத்துக்கு வந்து சேர்ந்த பிறகும் எல்லாச் சத்தமும் 'தொம் தொம்' என்று ஒரே மாதிரி கேட்டது. சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும் என்று யாரிடமும் சொல்லவில்லை.

இன்னொரு பெருமையும் அன்றைக்கு என்னைப் பிடித்துக்கொண்டது. எங்கள் காப்டன், ஜவுளிக்கடை வைத்திருந்த அண்ணாச்சி, அம்பயருக்கென்று வெள்ளைக் கோட்டு ஒன்று தைத்துக் கொடுத்திருந்தார். மைதானத்தைச் சுற்றி நாற்காலிகளில் பெரிய மனிதர்கள். நடுவில் ஒரு தூறல் வந்து போனது. அந்தக் கோட்டோடு குனிந்து குனிந்து ஆணி அடிக்க எனக்கு மனசு வரவில்லை. ஒரு தடவை பார்க்காவிட்டால் என்ன என்று இருந்துவிட்டேன்.

அவர் அன்று ஆடியதுபோல நான் பார்த்ததில்லை. இரண்டு லேட் கட். நாற்காலிக்காரர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது, கைதட்டினார்கள். எங்கள் ஊருக்கு முன்னால் அந்த அடிக்கு முதல்முறையாக விழுந்த கைதட்டல். மூன்றாவதாக ஒரு பந்து நன்றாக விலகி வந்தது. அதே அடிக்குப் போனார். பேட் இறங்கியது, ஏதோ சத்தம், பந்து கீப்பர் கையில். எதிரணி முழுக்கக் கையைத் தூக்கிக் கத்தியது.

அவர் நகரவில்லை.

அத்தனை வருஷ வழக்கப்படி அது போதும். அவர் நின்றால் அவுட் இல்லை. ஆனால் துரை என்னைத் திரும்பிப் பார்த்தார். உள்ளூர் அம்பயர் உள்ளூர்க்காரனைக் காப்பாற்றிவிட்டான் என்று சொல்லிவிடுவார்களோ என்று ஒரே ஒரு நினைப்பு ஓடியது. 'தொம்' என்று கேட்டதே, கேட்டது கேட்டதுதானே என்று அதற்குத் துணையாக இன்னொன்று. யோசித்து முடிப்பதற்குள் என் விரல் மேலே நின்றது.

அவர் குனிந்து தரையைப் பார்த்தார். பேட்டைத் திருப்பி, பாயின் ஓரத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். பிறகு நடந்தார். என்னைத் தாண்டும்போது வார்த்தை ஒன்றும் இல்லை. கோபத்தில் பாயை அடித்துவிட்டுப் போகிறார் என்று கூட்டத்தில் கூச்சல் எழுந்தது. எனக்கு மட்டும் தெரிந்தது. அவர் அடித்தது பாயை அல்ல. எழும்பி நின்ற ஆணியை. அடுத்து ஆட வருகிறவன் காலில் குத்தக்கூடாது என்று, நான் செய்யவேண்டிய வேலையைச் செய்துவிட்டுப் போனார்.

ஆட்டம் முடிந்ததும் துரை வந்து என் கையைக் குலுக்கினார். சொந்த ஊர்க்காரனுக்கு விரலைத் தூக்கத் துணிச்சல் வேண்டும் என்றார். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு அது இனிப்பாகத்தான் இருந்தது. மெட்ராஸுக்கு எங்கள் வேகப் பந்துக்காரனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பாயைச் சுருட்டும்போது அண்ணாச்சி சொன்னார்: "அவனும் மனுசன்தானே சார்வாள். மெட்ராஸ்னு சொன்னதும் காலு நகரமாட்டேங்குது பாத்தேளா? நீங்க மட்டும் வெரலத் தூக்கலேன்னா நின்னே காலத்த ஓட்டிருப்பான்."

நான் ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். அந்த ஓரத்து ஆணியின் தலைக்கடியில் ஒரு மரச்சிம்பு மாட்டியிருந்தது. விரல்நகம் அளவு. புதுசாகப் பிய்ந்த பேட்டு மரம், இன்னும் எண்ணெய் வாசனை அடித்தது. மேலிருந்து தட்டியதில் அது தலைக்கடியில் போயிருக்காது, லேட் கட்டுக்கு இறங்கிய பேட் எழும்பி நின்ற ஆணியில் இடித்துப் பிய்ந்தது. நல்ல காது இருந்திருந்தால் மரத்தில் பந்து படுகிற 'டொக்'குக்கும் இரும்பில் மரம் படுகிற 'ணங்'குக்கும் வித்தியாசம் தெரியாமல் போகாது. சிம்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை மத்தியானம் சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸுக்குப் போனேன். அங்கே எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். உள்ளே நுழையும்போதே பத்திரம் பதிய வந்தவர்களில் ஒருவர் அவரைக் கிண்டிக்கொண்டிருந்தார். "நெசத்தச் சொல்லும்வே, பட்டுச்சா படலியா? சார்வாளே வந்துட்டாவ, அவாள வச்சுக்கிட்டே சொல்லும்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். "தட்டிச்சு. நாந்தான் போயிருக்கணும். சார்வாள் செஞ்சது சரிதான்."

பையில் கிடந்த சிம்பை விரலால் தடவிக்கொண்டே நின்றேன். என்னை வாசல்வரை கொண்டுவிட வந்தார். "ஏம்வே இப்படிச் சொன்னீரு?" என்று மட்டும் கேட்டேன்.

"பேட்டப் புடிக்க எங்கள்ல பதினோரு பேரு கெடக்கோம் சார்வாள். அம்பயரு நீங்க ஒருத்தருதானே. உங்க சொல்லு போச்சுன்னா அப்பறம் இங்கன எவன் ஆட வருவான்?"

வெயிலில் இறங்கி நடந்தேன். அழுகை வந்தது. ஆனால் திரும்பிப் போய்ச் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு சொல்லலாம், அடுத்த சீசனில் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். ஒரு பொய்யை இன்னொருவர் நமக்காகச் சுமந்துகொண்டால் அது எவ்வளவு லேசாகிவிடுகிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

அதன்பிறகும் அவர் நான்கைந்து வருஷம் ஆடினார். அதே வேட்டி, அதே லேட் கட். உரசினால் முன்போலவே தானாக நடந்தார். ஆனால் இப்போது அவர் நடக்கும்போது எல்லைக்கோட்டிலிருந்து யாராவது ஒருவன், "இன்னைக்குத் துரை வரலியோ, தானாப் போறாரு!" என்று கத்துவான். கூட்டம் சிரிக்கும். ஒவ்வொரு முறையும் அந்தச் சிரிப்பு எனக்குத்தான் வந்து சேர வேண்டியது. நான் கோட்டுப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஆனால் அன்றிலிருந்து ஒரு தூறலுக்குக்கூட ஆணி தட்டாமல் இருந்ததில்லை. குளிக்கும்போது இரண்டு காதிலும் பஞ்சு.

யுத்த காலத்தில் அவரை வாசுதேவநல்லூருக்கு மாற்றினார்கள். அண்ணாச்சி கடை மாடியில் வழியனுப்பு உபசாரம். என்னைப் பேசச் சொன்னார்கள். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று சிம்பை ஒரு தாளில் மடித்துக் கொண்டுபோயிருந்தேன். எழுந்து நின்றேன். லேட் கட்டைப் பற்றி நன்றாகப் பேசினேன். வேட்டியில் கறை படாததைச் சொல்லிச் சிரிக்க வைத்தேன். இதோ இப்போது சொல்லிவிடலாம் என்கிற இடம் வந்தது. முப்பது முகங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன, அதில் என்னிடம் கணக்குப் படித்தவர்களே பாதிக்கு மேல். "நீடூழி வாழ்க" என்று முடித்து உட்கார்ந்துவிட்டேன். கைதட்டினார்கள்.

பக்கத்து நாற்காலியில் இருந்த அவர், மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார்.

"காது இப்ப நல்லாக் கேக்குதா சார்வாள்?"

அன்று காலை அருவிக்கரையில் நான் ஒற்றைக்காலில் குதித்ததை அவர் பார்த்திருக்கிறார். இத்தனை வருஷமாகத் தெரிந்தே வைத்திருந்திருக்கிறார்.

"கேக்குது" என்றேன்.

"அப்பச் சரி" என்று சிரித்துவிட்டு, தட்டிலிருந்த மங்குஸ்தான் பழம் ஒன்றை உடைத்துப் பாதியை எனக்குக் கொடுத்தார்.

வாசுதேவநல்லூரில் கிரிக்கெட் அணி கிடையாது. அவர் அதற்குப் பிறகு பேட்டைத் தொடவில்லை என்று கேள்விப்பட்டேன். சில வருஷம் கழித்து அவர் காலமான செய்தியும் வந்தது. புல் தரையில் அவர் ஒரு பந்துகூட ஆடவில்லை. சிம்பு என் மேஜை டிராயரில் இருக்கிறது. இதைப் படிக்கிற தென்காசிக்காரர்கள் யாராவது அந்த ஆட்டத்தைப் பற்றித் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டிருந்தால், மெட்ராஸ் ஆசையில் ஒருவர் நின்றார் என்று சொல்லியிருப்பார்கள். அவர் பேட்டில் பந்து படவில்லை. அவர் நின்றது சரி. விரலைத் தூக்கியவன் நான், தப்பும் என்னுடையது.