எழுபது வீதப் பனி

வானொலியில் "எழுபது வீதம் பனி" என்று சொன்னால், நூறு வீடுகளில் எழுபது வீடுகளுக்கு மட்டும் பனி விழும், மிச்சம் முப்பது வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான் என்று பத்து வயதில் நான் மனதார நம்பியிருந்தேன். சிரிக்க விரும்புகிறவர்கள் சிரிக்கலாம். என் மனைவி இன்னும் சிரித்து முடிக்கவில்லை. இந்த நம்பிக்கை என்னைப் பிடித்துக்கொண்ட இடம், கியூபெக்கின் கோட்-டெ-நெய்ஜில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் நிலவறை. உடுப்புக் காயவைக்கும் இயந்திரங்கள் அங்கே எந்நேரமும் உருண்டுகொண்டிருக்கும்; சுட்ட பருத்தித் தூசும் யாரோ அள்ளிக் கொட்டிய சவர்க்காரத் தூளும் கலந்த அந்த மணம் மூக்கில் ஏறினால் இறங்காது. மேலே வீடுகளில் ஹீற்றர் தனக்கு மனம் வந்தால்தான் சுடும் என்பதால், வேலை முடிந்து வந்த ஆண்கள் உடுப்புக் கூடையைச் சாட்டாக வைத்துக்கொண்டு கீழே இறங்கிவிடுவார்கள். சிலர் ஒரே சேர்ட்டை ஒரே கிழமையில் மூன்று தரம் தோய்த்தார்கள்.

அந்த வருடம் வைகாசியில்தான் மட்டக்களப்பிலிருந்து வந்து சேர்ந்திருந்தோம்: அப்பா, அம்மா, நான், அம்மாவின் தம்பியான மாமா. கார்த்திகையில் இரண்டு தரம் ஏதோ வெள்ளையாகத் தூவி, நிலத்தில் படுமுன்னே கரைந்துபோனது. அதைப் பனி என்று ஏற்றுக்கொள்ள நிலவறை மறுத்துவிட்டது. மறுத்தவர் "ஏயார்போட் அண்ணை." யாழ்ப்பாணத்துக்காரர், விமான நிலையத்தில் நிலம் துடைக்கிற வேலை. விமானம் பறப்பதற்கு வானிலை தெரிய வேண்டும், அவர் விமானத்துக்குப் பக்கத்தில் வேலை செய்கிறார், ஆகவே அவருக்கும் தெரியும் என்பது அந்தச் சபையின் கணக்கு. ஆங்கில வானொலியையும் பிரெஞ்சுத் தொலைக்காட்சியையும் கேட்டுவிட்டு வந்து தீர்ப்புச் சொல்லுவார். "இங்கிலிஷ்காரன் இருவது சென்ரிமீற்றர் எண்டுறான், பிரெஞ்சுக்காரன் பத்து எண்டுறான். எனக்கென்னவோ ரெண்டு பேரும் யன்னலுக்கு வெளியிலை எட்டிப் பாக்கேல்லை எண்டுதான் படுது." ஹோட்டலில் கோப்பை கழுவிவிட்டு வந்த அப்பா, கண்ணை மூடியபடி, "விழுறது விழட்டும், வேலைக்குப் போகத்தானே வேணும்" என்பார். என்றாலும் அவரும் எழும்பிப் போகமாட்டார். வாழ்க்கையில் பனியைக் காணாத பெரிய மனிதர்கள் ஏழெட்டுப் பேர், முதல் பனிக்காக இரவுச் சாப்பாட்டைப் பிந்தவிட்டுக் காத்திருந்தார்கள்.

எழுபது வீட்டுக் கணக்கு எனக்கு ஏன் அவ்வளவு நியாயமாகப் பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் எங்களுக்கு எல்லாமே "முறை வந்தால்"தான். பள்ளிக்கூடத்தில் இடம், தேவாலயத்தில் கொடுக்கும் குளிர்ச்சட்டை, அகதி விசாரணைக்கான நாள் எல்லாவற்றுக்கும் ஒரு வரிசை இருந்தது. கட்டடத்தில் சனங்கள் "கேஸ் எடுபட்ட ஆக்கள்", "கேஸ் எடுபடாத ஆக்கள்" என்று இரண்டு சாதியாக இருந்தார்கள். நாங்கள் இரண்டாம் சாதி. பனி விழும்போது முதலில் கேஸ் எடுபட்டவர்களின் வாசலில்தான் விழும் என்று நான் நினைத்ததில் என்ன பிழை?

பனி வராவிட்டால் போகட்டும் என்று விட்டிருப்பேன். மாமா போவதாக இல்லாதிருந்தால்.

மாமாவும் நானும் முன்னறையில் ஒரே மெத்தையில் படுப்போம். அவருக்குப் பிரெஞ்சு ஏறவில்லை. வகுப்புக்குப் போன நாட்களில் வாத்தியாரைப் போல மூக்கால் கதைத்துக் காட்டி எங்களைச் சிரிக்க வைத்தாரே தவிர, அதற்கு மேல் ஒன்றும் தேறவில்லை. ரொறன்ரோவில் சிநேகிதன் ஒருவன் சமையலறை வேலை பார்த்துவைத்துவிட்டு, சனிக்கிழமை காலையில் தன் வான் வண்டியைக் கொண்டுவந்து ஏற்றிப்போவதாகச் சொல்லியிருந்தான். அதைக் கேட்டு நான் அழுத அழுகையை நிறுத்துவதற்காக மாமா, "பெரிய ஸ்னோ விழுந்து றோட்டை மூடிச்செண்டா நான் எங்கயும் போகமாட்டன் மனே" என்றார். அவருக்கு அது ஒரு பேச்சு. எனக்கு அது ஒப்பந்தம். அதற்குப் பிறகு நிலவறையில் சொல்லப்பட்ட ஒவ்வொரு சென்ரிமீற்றரும் மாமாவின் சென்ரிமீற்றர் ஆகிவிட்டது.

திங்கட்கிழமை முப்பது சென்ரிமீற்றர் என்றார்கள். அன்றைக்கு நான் நன்றாகச் சாப்பிட்டேன். அடுத்த நாள் புயல் தெற்கே வளைந்துவிட்டது. "அமெரிக்காவுக்குத் திரும்பிட்டுது. அதுக்கும் விசா கிடைச்சிட்டுது போல" என்றார் ஏயார்போட் அண்ணை. எல்லோரும் சிரித்தார்கள், நான் கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். புதன்கிழமை புயல் திரும்பி வந்தது, ஆனால் மழையையும் கூட்டிக்கொண்டு வந்தது. எதிர்பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு வேலைதான், லீவு தராத வேலை. பத்து வயதில் எனக்கு முதுகு உளைந்தது. வியாழக்கிழமை எழுபது வீதம் என்றார்கள். அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் பிடித்தது. எழுபதுக்குள் எங்கள் கட்டடம் இருக்கிறதா?

கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் கியூபெக் அம்மா வாசலில் உப்பு வாளியோடு நின்றாள். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதையும் திரட்டி, "மதாம், நெய்ஜ்... எங்களுக்கும் உண்டா?" என்ற பொருளில் ஏதோ கேட்டேன்; நெய்ஜ் என்றால் பனி. எல்லாருக்கும்தான் என்றாள். எனக்குத் திருப்தி வரவில்லை. எங்களிடம் இன்னும் கேஸ் எடுபட்ட கடதாசி இல்லையே என்று விளக்கினேன். அவள் வாளியை நிலத்தில் வைத்துவிட்டு என் உயரத்துக்குக் குனிந்தாள். பிறகு, பனிக்குக் கடதாசி தேவையில்லை என்று, வகுப்பில் சொல்லித்தருவதுபோல ஒவ்வொரு சொல்லாக, மெதுவாகச் சொன்னாள்.

இந்த நற்செய்தியோடு மேலே ஓடினால், அம்மா மாமாவுக்குக் கட்டிக்கொடுக்க மீன் பொரித்துக்கொண்டு நின்றாள். "ஸ்னோ கட்டாயம் விழுமாம்" என்றேன். "வாயைக் கழுவு. வழியில ஒண்டும் விழப்படாதெண்டு நான் பிள்ளையாருக்கு நேந்து வச்சிருக்கன்" என்றாள். எனக்குத் தலை சுற்றியது. நானும் அதே பிள்ளையாரிடம்தான் கேட்டிருந்தேன். ஒரே வீட்டிலிருந்து ஒன்றுக்கொன்று எதிராக இரண்டு மனு. அம்மா பெரியவள், தேங்காயும் உடைப்பாள். என் பக்கத்தில் வெறும் கும்பிடு மட்டும்.

வெள்ளி பின்னேரம் ஏயார்போட் அண்ணை படியிறங்கி வந்த விதத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது. "இப்ப மழை எண்டுறாங்கள். வெறும் மழை." மாமா நிலவறையின் சின்ன யன்னலால் மேலே நடைபாதையைப் பார்த்துக்கொண்டு நின்றார். போவதற்கு முன்னம் ஒருதரமாவது பனியைப் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கும் ஆசை இருந்தது. நான் எல்லோருக்கும் கேட்கும்படியாக, "மழை பெய்ஞ்சாலும் றோட்டு மூடுமா மாமா?" என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். தான் சொன்னதை நான் ஒரு கிழமையாகக் காவித் திரிந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. இயந்திரத்திலிருந்து படுக்கை விரிப்பை இழுத்தெடுத்து, "இஞ்ச வா, இந்த முனையைப் பிடி" என்றார். இருவரும் அதைத் தேவைக்கு மிஞ்சிய கவனத்தோடு நாலாக, எட்டாக மடித்தோம்.

இப்போது நகரத்துக்கு வெளியே புரோசார்டில் இருக்கிறேன், தலையில் விழுந்த பனி மட்டும் உருகாமல் நிற்கிறது. இந்த வயதிலும் கைபேசியில் பனிக் கிறுக்கர்களின் குழு ஒன்றில் கிடந்து உழலுகிறேன். சென்னையிலிருந்து கணினி வேலைக்கு வந்த கார்த்திக் என்ற பையனுக்கு இது முதல் குளிர்காலம். "அண்ணா, ஐரோப்பிய வெதர் மாடல் இருபத்தஞ்சு காட்டுது, அமெரிக்கன் மாடல் வெறும் அஞ்சு. எதை நம்பறது?" என்று எழுதுகிறான். பதறாதே தம்பி என்று பதில் போட்டுவிட்டு, நான் பதறிக்கொண்டு இரண்டு மாடலையும் திறந்து பார்க்கிறேன். என் பிள்ளைகள் பிரெஞ்சில் என்னைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரிக்கின்றன. மார்கழியில் இப்போது அடிக்கடி மழைதான் பெய்கிறது. விழுகிற பனியும் வந்த விருந்தாளி செருப்பைக் கழற்றாமல் திரும்புவதுபோலப் போய்விடுகிறது. போன வருடம் அந்தப் பக்கம் போனபோது பழைய கட்டடத்துக்குள் எட்டிப் பார்த்தேன். நிலவறைக்கு அட்டை போட்டுத் திறக்கும் கதவு. உடுப்பை உள்ளே போட்டுவிட்டு எல்லோரும் மேலே போய்விடுகிறார்கள். சாய்ந்து நிற்க ஒருவருக்கும் நேரமில்லை. அண்ணையும் பிறகு ரொறன்ரோவுக்குப் போனார், அந்தச் சபையில் பாதிப்பேரும் போனார்கள். அப்பா இப்போது இல்லை.

அந்தச் சனிக்கிழமை மழை பெய்யவில்லை. விடிய எழும்பிப் பார்த்தபோது எங்கள் தெரு, எதிர்த் தெரு, நிறுத்தியிருந்த கார்கள், குப்பை வாளிகள் எல்லாம் முழங்கால் அளவுக்கு வெள்ளை. நான் படுத்த உடுப்போடு மாமாவின் மேல் விழுந்து கத்தினேன். அவரும் யன்னலுக்கு ஓடிவந்து, சின்னப் பிள்ளைபோலக் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். இந்த ஊரில் பனி எதையும் மூடுவதில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. கோப்பி ஆறுவதற்குள் மஞ்சள் விளக்குச் சுழற்றிக்கொண்டு வண்டிகள் வந்தன, தெருவை வழித்துத் தள்ளிவிட்டுப் போயின. காலைவரை பொறுக்காமல் இரவே வந்து நின்றிருந்த சிநேகிதனின் வான்தான் அவை ஒதுக்கிய குவியலுக்குள் புதைந்துபோனது. அப்பாவும் அண்ணையும் மாமாவும் பனி அள்ளும் சவலோடு இறங்கினார்கள். எனக்கும் ஒன்று தந்தார்கள். பின் சில்லுப் பக்கம் என் பங்கு. கிண்டி எடுத்தோம், வான் வெளியே வந்தது, மத்தியானத்துக்கு முன்னமே மாமா போய்விட்டார்.