கார்குழலி மாற்றிய பாஸ்வேர்டு

எதிர்வீட்டுக் கார்குழலி என்னைத் திருடி என்றாள். நேராகச் சொல்லவில்லை. "பாஸ்வேர்டு எங்க வூட்ட விட்டு எப்பிடிக்கா வெளிய போவுது?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். அதற்கு வேறென்ன அர்த்தம்? உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

எங்கள் சாரம் பகுதியில் அவள் அப்பா, மில் தொழிலாளி, கட்டிய வீடு அது. அவர் போனதும் கீழ்வீடு இவளுக்கு, மாடி தம்பி பிரேம்குமாருக்கு என்று பாகம் பிரிந்தது. அன்றோடு பேச்சும் நின்றது. கார்குழலி, புருஷன் விட்டுப்போனவள். டாக்டர்கள் பேசிப் பதிந்து அனுப்புவதைக் கேட்டு வீட்டிலிருந்தே டைப் அடிக்கிற வேலை. சோறு, மகள் படிப்பு, எல்லாம் அதில்தான்.

பேச்சுதான் கசந்ததே தவிர, அவள் வைஃபை தம்பிக்கு இனித்தது. மாடியில் நாளெல்லாம் சினிமா ஓடும், கீழே இவள் ஃபைல் நகராது. இதில் கம்பெனிக்காரன் வேறு கறாராகச் சொல்லிவிட்டான்: நோயாளிகளின் விவரம் போகிற லைன், வெள்ளிக்கிழமை சோதிப்போம், வேறு யாராவது அதில் இருந்தால் உனக்கு வேலை இல்லை.

பூட்டே இல்லாமல் திறந்து கிடந்த மோடத்தில் பாதுகாப்பு முறையை ஏற்றினாள். கம்ப்யூட்டரில் செருகியிருந்த வைஃபை அடாப்டரிலும் அதே முறையைத் தேர்ந்து, பாஸ்வேர்டு போட்டாள். இரண்டும் ஒத்துப்போனால்தான் இணையும். இணைந்தது. சாயங்காலமே தம்பி வீட்டு டிவியும் இணைந்துகொண்டது. மறுபடி மாற்றினாள், மறுபடி வந்தான். அதற்குப் பிறகுதான் என்மேல் பழி.

விடுவேனா? போய்ப் பக்கத்திலேயே உட்கார்ந்து, என் கண்ணெதிரே மாற்று பார்ப்போம் என்றேன். அவள் அடித்ததைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். அப்பாவின் மில் டோக்கன் நம்பர்! முன்பு போட்டது அதையே திருப்பி, அதற்கும் முன்பு அவர் பேரோடு சேர்த்து. பெட்டிப் பூட்டிலிருந்து ஏடிஎம் கார்டு வரை அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் அந்த நம்பர்தான். எனக்கே மனப்பாடம்.

"அடி கூறுகெட்டவளே, அவனும் அந்த அப்பனுக்குத்தான பொறந்தான்?"

அடித்ததை முழுக்க அழித்தாள். பிறகு மோடத்திலும் அடாப்டரிலும் தலையும் வாலும் இல்லாத எழுத்துகளைத் தட்டினாள், எனக்குக் காட்டாமல். அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

வெள்ளிக்கிழமை சோதனையில் அவள் கம்ப்யூட்டரைத் தவிர எதுவும் இல்லை. வேலை தப்பியது. அதைச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தாள். அப்போது மாடியிலிருந்து பிரேம்குமார் இறங்கி வந்தான், பாகம் பிரிந்த பிறகு முதல் தடவையாக.

"அப்பா நம்பர ஏன் மாத்துன? அவரு ஒனக்கு மட்டுந்தான் அப்பாவா?"

நெஞ்சழுத்தத்தைப் பாருங்கள், திருட்டுக்குச் செத்தவரைத் துணைக்குக் கூப்பிடுகிறான். நான் வாயைத் திறப்பதற்குள் கார்குழலி எழுந்து வாசலை மறித்து நின்றாள்.

"அவர நீயே வெச்சிக்கடா. என் சோத்துல கை வெக்காத."

கதவைச் சாத்தினாள். இந்தப் பக்கம் அவள் அழுதது அவனுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.