நீண்ட ஆயுளுக்குத் தகுதியில்லாத தெரு

போன செவ்வாய்க்கிழமை காலையில் பாண்டி வந்து ஒரு கடிதத்தை என் மேஜையில் போட்டான்.

"மச்சான், நான் ரொம்ப வருசம் வாழுறதுக்கு லாயக்கில்லையாம். லெட்டர் போட்ருக்காங்க."

பாண்டி என் மனைவிக்குச் சித்தப்பா மகன். திருமங்கலம் பக்கத்துக் கிராமத்தில் கூலிக்குக் களை வெட்டுவான், பூச்சிமருந்து அடிப்பான். வயது முப்பத்து நாலு. பீடிகூடக் கிடையாது.

"உனக்கு அம்புட்டு ஆசை இருந்துச்சாக்கும்?" என்று சிரித்தேன்.

அவன் சிரிக்கவில்லை. கடிதத்தில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தான். கிரியாட்டினின். கிட்னி கெட்டால் ரத்தத்தில் ஏறுகிற சமாச்சாரம்.

"இது எங்கண்ணன் சீட்டுலயும் இருக்கு மச்சான்."

அவன் அண்ணன் வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸில் படுக்கிறவர். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, குடி இல்லை. பிறகு எதனால் கிட்னி போனது? எந்த டாக்டரும் சொல்லவில்லை. தெரிந்தால்தானே சொல்வதற்கு!

இந்தக் கடிதம் வந்த கதையில் எனக்கும் பங்கு உண்டு.

மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி கொடுக்கும் ஓர் அறக்கட்டளை மதுரை கே.கே. நகரில் இருக்கிறது. அதன் கமிட்டியில் டாக்டர்கள், பேராசிரியர்கள்... அப்புறம் 'பொதுமக்கள் பிரதிநிதி' என்று ஒரு நாற்காலி. பத்திரிகையில் பத்தி எழுதுகிறவன் என்று என்னைப் பிடித்து அதில் உட்கார வைத்தார்கள். வேலை? கடைசிப் பக்கத்தில் கையெழுத்து. அப்புறம் பிரியாணி.

ஆறு மாதத்துக்கு முன் இரண்டு விண்ணப்பங்கள் வந்தன. நிதி ஒன்றுக்குத்தான்.

முதலாவது, செல்வி என்ற இளம் கிட்னி டாக்டருடையது.

"சார், வயக்காட்டு வேலைக்குப் போறவங்களுக்குக் காரணமே தெரியாம கிட்னி கெட்டுப்போகுது. வெயிலா, தண்ணியா, பூச்சிமருந்தான்னு டாக்டருங்களுக்குள்ளயே சண்டை. ஊர் ஊராப் போய் ரத்தம் எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்படி ஒரு பிரச்சினை இருக்குறதுக்கு ஆதாரம் இருக்காம்மா?"

"அதத் தேடத்தான் சார் நிதி கேக்குறேன்."

"ஆதாரத்தக் கொண்டு வாங்க, நிதி தர்றோம்."

இரண்டாவது, முதுமையைத் தள்ளிப்போடும் மாத்திரை. நூற்றிருபது வயது வரைக்கும் வாழலாமாம். திரையில் ஒரு வெள்ளை எலி சக்கரத்தில் ஓடியது. நல்ல சுறுசுறுப்பான எலி.

"மனுசனுக்கு வேலை செய்யும்னு ஆதாரம் இருக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். அதனாலதான ஆராய்ச்சியே பண்றோம்!" என்றார் தலைவர்.

கவனித்தீர்களா? கிட்னிக்கு ஆதாரம் இல்லை — அதனால் நிதி இல்லை. மாத்திரைக்கு ஆதாரம் இல்லை — அதனால் நிதி உண்டு!

கமிட்டியில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். மாத்திரைக்குக் கைகள் மளமளவென்று மேலே போயின. கடைசியில் என் கையும் போனது. பிரியாணி அவசரம் என்று பொய் சொல்லலாம். உண்மை என்னவென்றால்... எனக்கும் ஐம்பத்தெட்டு ஆகிறது.

மாத்திரையைச் சோதிக்க நோயில்லாத ஆட்கள் வேண்டும். மதுரைக்குள் யாரைத் தொட்டாலும் சர்க்கரை. 'உழைக்கிற ஜனங்களுக்கு உடம்பு சுத்தமா இருக்கும்' என்று யாரோ ஐடியா கொடுக்க, பாண்டியின் ஊருக்கு வேனை விட்டார்கள். வரிசையில் நிறுத்தி ரத்தம் எடுத்தார்கள். கிட்னி சரியில்லாதவர்களைக் கழித்துவிட்டு, 'ஆய்வில் சேரத் தகுதியற்றவர்' என்று கடிதம் அனுப்பினார்கள். அதில் ஒன்றுதான் என் மேஜைக்கு வந்தது.

பாண்டியைச் செல்வி டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

"ஆரம்பத்துலயே தெரிஞ்சது நல்லதாப் போச்சு. இதுக்கு மேல கெடாமப் பாத்துக்கணும்" என்றார்.

"அதுக்கு நான் எத விடணும் டாக்டரம்மா? வெயில்ல நிக்கிறதையா, அந்தத் தண்ணியக் குடிக்கிறதையா, மருந்தடிக்கிறதையா? மூணையும் விட்டுட்டு எப்படிப் பொழைக்கிறது?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடத்தான் டாக்டர் நிதி கேட்டிருந்தார்.

அடுத்த இரண்டு நாளில் பாண்டி தன் தெருவில் வீடு வீடாகப் போய், மற்றவர்களுக்கு வந்த கடிதங்களையும் வாங்கி வந்தான். ஒரு கட்டு சேர்ந்தது. ஒரே தெரு!

வெள்ளிக்கிழமை கமிட்டியில் அந்தக் கடிதக் கட்டைத் தலைவர் முன்னால் போட்டேன்.

"நீங்க கேட்ட ஆதாரம்."

புரட்டிப் பார்த்தார். "சார், இவங்கல்லாம் கழிச்சு விட்டவங்க. கழிச்சவங்க ஆய்வுல இல்ல. ஆய்வுல இல்லாதத எப்படி ஆதாரமா எடுக்குறது?"

"ரத்தம் எடுத்தது நீங்க. டெஸ்ட் பண்ணது நீங்க. லெட்டர்ல இருக்கிற சீலும் உங்க சீலுய்யா!"

"டென்ஷன் ஆகாதீங்க சார். பிரியாணி ஆறுது."

கையெழுத்துப் போடவில்லை. சாப்பிடவும் இல்லை. எழுந்து வந்துவிட்டேன்.

வாசலில் பாண்டி நின்றிருந்தான். "என்ன மச்சான், எதனாலன்னு பாக்கப் போறாங்களா?"

"இல்ல மாப்ள."

"அப்ப எதுக்கு அந்த வேன் இன்னைக்கு எங்க பக்கத்து ஊருக்குப் போயிருக்கு?"

விசாரித்தேன். மாத்திரைக்கு இன்னும் ஆள் சேரவில்லையாம். அதனால் ஊர் ஊராகப் போகிறார்கள். ரத்தம் எடுக்கிறார்கள். கிட்னி கெட்டவர்களைக் கண்டுபிடிக்கிறார்கள். கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

செல்வி டாக்டர் கேட்ட ஆய்வு அமோகமாக நடக்கிறது. ஆதாரம்தான் இன்னும் கிடைத்தபாடில்லை.