பின் சீட்டில் கேட்ட ரகசியம்

போன ஞாயிறு ஸ்ரீரங்கத்தில் என் மகள் ஒரு செஸ் போட்டியில் ஜெயித்தாள். வாழ்த்துச் சொல்ல அவசரப்படாதீர்கள்... முழுதாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

மதுவுக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் வீடு திருவெறும்பூரில். அவளுடைய உயிர்த்தோழி ஜெனிஃபர், பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ். எந்தப் போட்டி என்றாலும் இருவரையும் என் காரில்தான் அழைத்துப் போவேன். பின் சீட்டில் ஓயாத பேச்சு. கார் ஓட்டுகிறவனுக்குக் காது கேட்காது என்று இந்தப் பிள்ளைகளுக்கு நினைப்பு!

அன்று காலையும் அப்படித்தான். "ஆரம்பத்துலயே எதிராளியோட ராணி என் ராஜா பக்கம் வந்துட்டா, எனக்குக் கை நடுங்கும்டி. அப்புறம் எதுவுமே தோணாது. யார்கிட்டயும் சொல்லிடாத" என்றாள் ஜெனிஃபர்.

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசிச் சுற்றில் அவர்கள் இருவருக்கும்தான் ஆட்டம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். ஜெயிப்பவருக்கு மாநிலப் போட்டி. மதுவை ஓரமாக அழைத்துப் போய், "எடுத்த எடுப்புல ராணியைக் கிளப்பு" என்றேன்.

அவள் முகம் சுருங்கியது. "அது அவ எங்கிட்ட சொன்னதுப்பா."

"போர்டு முன்னாடி உட்கார்ந்துட்டா ஃப்ரெண்டெல்லாம் கிடையாதும்மா."

எவ்வளவு பெரிய தத்துவம் பாருங்கள்! அப்பாக்கள் இருக்கிறோமே — நாம் வாழ்க்கையில் ஜெயிக்காததையெல்லாம் பிள்ளைகள் தலையில் கட்டிவிட்டு, அதற்கு ஊக்கம் என்று பெயரும் வைத்துவிடுவோம்.

ஜன்னல் வழியே பார்த்தேன். ஏழெட்டு மூவ்களிலேயே மதுவின் ராணி கிளம்பிவிட்டது. ஜெனிஃபர் காய்களைப் பார்க்கவில்லை, மதுவைப் பார்த்தாள். பிறகு, சொன்னபடியே அவள் கை நடுங்கியது. ஆட்டம் முடிய அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

வாசலில் செருப்பு மாட்டும்போது ஜெனிஃபர், "உங்கிட்ட மட்டும்தானடி சொன்னேன்" என்றாள். மது என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பக்கத்திலேயே நின்ற நானும் உண்மையை ஒப்புக்கொள்ளவில்லை. வெட்கக்கேடு.

"நான் பஸ்ல போயிக்கிறேன் அங்கிள்" என்று வேறொரு பெண்ணின் அம்மாவோடு கிளம்பிவிட்டாள் ஜெனிஃபர். வீடு வரும்வரை மது பின் சீட்டில் ஓரமாகவே உட்கார்ந்து வந்தாள், இன்னொருத்திக்கு இடம் விட்டு.

பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை ஜெனிஃபர் வீட்டில் தவறாமல் படிப்பார்கள். அதனால்தான் எழுதுகிறேன். ஒட்டுக்கேட்டதும் நான், அப்படி ஆடச் சொன்னதும் நான். மன்னித்துவிடும்மா.

நேற்று மதுவிடம் மெதுவாகக் கேட்டேன்: "மாநிலப் போட்டி வருதே... உனக்கு எதுலம்மா பயம்?"

"அதெல்லாம் இனிமே உங்ககிட்ட சொல்ல மாட்டேன்பா."