நான்கு அங்குல நெடுஞ்சாலை

காப்பீட்டுப் பத்திரத்தின்படி நூர் நிஷா ஒரு பின்னிருக்கைப் பயணி. வயது நாற்பத்தொன்பது. தொழில்: ஏதுமில்லை. வண்டி செலுத்துவதில் பங்கு: ஏதுமில்லை. அந்தத் தாளை நிரப்பிக் கையெழுத்துப் போட்டவர் அவருடைய கணவர் கலீலுல்லா. போடும்போது அவருக்கு எந்த உறுத்தலும் இல்லை.

கலீலுல்லாவுக்கு மும்பை தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை. முப்பது வருடமாகத் திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊரான மேலப்பாளையத்துக்கு ரயிலிலேயே போய் வந்தவருக்கு, ஒரு தடவையாவது மோட்டார் சைக்கிளில் போய் இறங்க ஆசை. ஆபீஸ் வேலையில் இருக்கும் மகன் ராஹில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தான்.

"வாப்பா, ஒரு தடவை வழி தப்பினாலும் வண்டிய அங்கேயே ரயில்ல ஏத்திரணும். நீங்க ரெண்டு பேரும் ஏசி கோச்சுல ஏறிரணும். பக்கா?"

"பக்கா" என்றார் கலீலுல்லா.

ஆக, வழி தப்பாமலிருப்பதே பயணத்தின் லட்சியமாகிவிட்டது. ஒரு மாதம் கருவிகளைத் தேர்ந்தெடுத்தார். கைப்பிடியில் போன் மாட்டும் ஸ்டாண்டை ராஹில் வாங்கித் தந்தான். ஹெல்மெட்டுக்குள் வழி சொல்லும் ஸ்பீக்கரைச் செம்பூர்க் கடையொன்றில் மாட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு பெண் இங்கிலீஷில் அதட்டினாள். "வீட்டுல ஒருத்தி போதும்" என்று கழற்றிக் கொடுத்துவிட்டார். போன் திரையைப் படிக்க அவருக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி வேண்டும். ஹெல்மெட்டுக்குள் அந்தக் கண்ணாடி நுழையாது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மாறாக, காகித வரைபடம்தான் நம்பகமானது என்று ஒரு கொள்கையை உண்டாக்கிக்கொண்டார். காகிதத்தையும் கண்ணால்தான் படிக்க வேண்டும் என்பதால், மாட்டுங்காவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கொடுத்து, எழுத்தெல்லாம் கட்டைவிரல் பருமன் வரும்வரை பெரிதாக்கினார்.

பெட்ரோல் டேங்கின் மேல் வைக்கும் பையை அவரே தைத்தார். அதன் மேல் வரைபடம் செருகும் கண்ணாடித்தாள் உறை நான்கு அங்குல அகலம். தோல் வெட்டும் மேசையில் வரைபடத்தை விரித்து, நெடுஞ்சாலைக்கு இரு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் விட்டு நீளப் பட்டையாக வெட்டி எடுத்தார். அரபிக்கடலும் மீதி இந்தியாவும் கழிவுக் கூடையில் விழுந்தன. வேண்டாததை விட்டுவைக்கிறவன் நல்ல கட்டிங் மாஸ்டர் அல்ல.

"மத்த ரோடெல்லாம் எங்கங்க?" என்று கேட்டார் நூர் நிஷா.

"அதுல நாம போகலையே."

இரண்டாம் நாள், கர்நாடக எல்லையில் நிப்பாணி தாண்டியதும் அதில் போகவேண்டி வந்தது. பாலம் வேலைக்காக வண்டிகளை மாற்றுப்பாதையில் திருப்பிவிட்டார்கள். கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே நான்காவது வளைவோடு அம்புக்குறிப் பலகைகள் நின்றுபோயின. ஏப்ரல் வெயிலில் சூடேறி, கைப்பிடி ஸ்டாண்டிலிருந்த போனும் அணைந்தது. பட்டையில் நெடுஞ்சாலை மட்டும் இருந்தது. அவர்கள் நின்றிருந்த இடம் தாராவியில், கழிவுக் கூடையில் இருந்தது.

நூர் நிஷாவின் பட்டன் போன் அடித்தது. ராஹில்.

"உம்மா, வாப்பா லொக்கேஷன் ஒரே இடத்துல நிக்குது. என்ன பண்றீங்க?"

"டீ குடிக்கப் போறோம்ப்பா" என்று வைத்துவிட்டார். பொய்யென்று சொல்ல முடியாது. எங்கே, எப்போது என்பதுதான் தெரியவில்லை.

கலீலுல்லா ஹெல்மெட்டைக் கழற்றினார். "அவ்வளவுதான் நூரு. ஸ்டேஷன் எந்தப் பக்கம்னு பாப்போம்."

"ஸ்டேஷனையும்லா வெட்டிப் போட்டுட்டீய" என்றபடி நூர் நிஷா ஓர் எண்ணை அழுத்தினார்.

மறுமுனையில் கேஷவ். நிப்பாணிக்குப் பக்கத்துக் கோலாப்பூரிலிருந்து பட்டறைக்குத் தோல் ஏற்றி வரும் டெம்போக்காரர். இருபது வருடமாகத் தாராவிச் சந்துகளில் சிக்கிக்கொள்ளும் டெம்போக்காரர்கள் எல்லோரும் நூர் நிஷாவைத்தான் கூப்பிடுவார்கள். 'எங்கே இருக்கே' என்று அவர் யாரையும் கேட்டதில்லை. அது தெரிந்தவன் ஏன் போன் பண்ணப்போகிறான்? 'எதிர்ல என்ன தெரியுது' என்றுதான் கேட்பார். கலீலுல்லாவுக்கோ, சரக்கு எப்படியோ வாசலுக்கு வந்து சேர்ந்துவிடும் என்பது மட்டுமே தெரியும்.

பேச்சு இந்தியில் நடந்தது. "கேஷவ் பாய், இன்னைக்கு நான்தான் உன் டெம்போ. கேளு."

அந்தப் பக்கம் வெடிச்சிரிப்பு. "அரே பாபி! எதிர்ல என்ன தெரியுது?"

"மஞ்சள் தண்ணித் தொட்டி. பக்கத்துல வெல்லம் காய்ச்சுற ஆலை, புகைபோக்கி பாதி உடைஞ்சிருக்கு."

"அதை இடது கைப்பக்கம் விட்டுட்டு, வாய்க்கால் ஓரமாவே வாங்க."

புறப்படுமுன், பட்டன் போனை ஹெல்மெட்டுக்குள் காதோடு செருகிக்கொண்டு நூர் நிஷா சட்டம் போட்டார். "ஹெல்மெட்டோட கத்த முடியாது. இடது தோள்ல தட்டினா இடது, வலது தோள்ல தட்டினா வலது. ரெண்டுலயும் தட்டினா நிறுத்தணும்."

"முதுகுல குத்தினா?"

"அது வேற விஷயத்துக்கு."

இருபதே நிமிடத்தில் நெடுஞ்சாலை லாரிகள் கண்ணில் பட்டன. கலீலுல்லாவின் வாயிலிருந்து தன்னால் ஓர் அல்ஹம்துலில்லாஹ் வந்தது. தோல் வந்து சேர்ந்த இருபது வருடத்துக்கும் சேர்த்துச் சொன்னதாகவே அவருக்குப் பட்டது.

சாயங்காலம் ஹூப்ளி லாட்ஜில் ராஹிலின் போன் வந்தது. நூர் நிஷா கண்ணைக் காட்டினார், ஒன்றும் சொல்ல வேண்டாமென்று. கலீலுல்லா கேட்கவில்லை.

"வழி தப்பிருச்சுடா. நான் வெட்டின படத்துல ரோடே இல்ல. எனக்குக் கிட்டத்து எழுத்தும் தெரியறதில்ல, அதையும் இன்னைக்குத்தான் சொல்றேன். உங்க உம்மாதான் கொண்டுவந்து சேர்த்தா. அவ இல்லன்னா இந்நேரம் கரும்புக்காட்டுலதான் கிடப்பேன். இனி ரயில்ல ஏத்தணும்னாலும் ஏத்திக்கோ."

ராஹில், "உம்மா சொல்ற வழியில போறதா இருந்தா போங்க. நீங்களா ஒரு வளைவுகூடத் திரும்பக் கூடாது" என்றான்.

அங்கிருந்து மேலப்பாளையம் வரை, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல், வழியில் கண்டவர்களிடம் கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு திருப்பத்துக்கும் நூர் நிஷா தோளில் தட்டி வழி சொன்னார்.