ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு கார் விற்பனைக்கு

நீண்ட யோசனைக்குப் பிறகு இன்று காலை சட்டையைப் பேண்ட்டுக்குள் விடுவது என்று தீர்மானித்தேன். பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் விற்பனைக்கு என்று இணையத்தில் விளம்பரம் வந்திருக்கும் பழைய பிரிட்டிஷ் காரை வேடிக்கை பார்க்கப் போகிறவன், அதை வாங்கக்கூடியவன் போலவாவது தெரிய வேண்டும்.

அளவுக்கு மீறிப் பலித்துவிட்டது.

காரின் சொந்தக்காரர் வில்சன் அங்கிள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டார். காருக்கு இரண்டே கதவு, நீண்ட மூக்கு, ஐம்பது வருடத்தில் ஒரு கீறல் இல்லை.

"ரொம்பக் கம்மியா ஓடியிருக்கே அங்கிள்?"

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போவோம், வருவோம். சர்ச்சு அடுத்த தெருதான்."

உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார். "இவரையும் ஏதாவது சொல்லி அனுப்பிடாதீங்க. வித்தாச்சான்னு பொண்ணு தினம் போன் பண்றா."

அங்கிளின் முகம் வாடியது. நான் வாங்க வரவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"எங்க இருக்கீங்க தம்பி?"

"வைட்ஃபீல்ட். அபார்ட்மென்ட்."

"வண்டி எங்க நிக்கும்?"

"பேஸ்மென்ட்ல."

"எறங்குற சரிவு எப்படி?"

கையைச் சாய்த்துக் காட்டினேன். உள்ளதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே.

"வண்டியோட அடி தரையில தட்டிரும் தம்பி," என்றார். இவ்வளவு சந்தோஷமாக யாரும் என்னை நிராகரித்ததில்லை. பிறகு உள்ளே பார்த்து, "மேரி, இவருக்கும் சரிப்படாது. டீ கொண்டா."

எனக்கும் மூச்சு வந்தது. இருவரும் காருக்குள் உட்கார்ந்து நிதானமாகக் குடித்தோம்.

மாலையில் விளம்பரத்தில் ஒரு வரி சேர்ந்திருந்தது: அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் அழைக்க வேண்டாம்.